கைராசிக்காரர் புகழ்

அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது போன ஔவையாருக்கு, அங்கே ஆண்ட தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அதைப் பார்த்துவிட்டு அவர் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் வேல்களுக்குப் பீலி கட்டியிருக்கிறது, மாலை சூட்டியிருக்கிறது, நெய் பூசியிருக்கிறது, காவலுள்ள மனையில் அவை பத்திரமாக இருக்கின்றன என்று அவனைப் புகழ்கிறார். அதியமானின் வேல்களோ நுனியும் மூட்டும் சிதைந்து கொல்லனுடைய சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ் யாருக்கு, பழி யாருக்கு என்று அந்த அவையில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வட பெண்ணைக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் உள்ளது தொண்டைமண்டலம் என்பது பழைய எல்லை. அந்தக் கணக்கில் நான் இருக்கும் சூளூர்பேட்டையும் தொண்டைமான் நாடுதான். 2022 ஏப்ரலில் எங்களை நெல்லூர் மாவட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். கடைத்தெருப் பேச்சு இன்னும் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். கொல்லன் பட்டறை இருந்த இடத்தில் இப்போது லேத் பட்டறை. அங்கே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கும் கைராசிக்காரர் ஒருவரை ஔவை காட்டிய வழியில் புகழ்ந்து எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஒருவர் என்றேனே தவிர, அவர் ஒருவர் இல்லை. கொல்கத்தா போகும் 16ஆம் எண் நெடுஞ்சாலையில் செங்குன்றம் தொடங்கி நாயுடுபேட்டை, கூடூர், நெல்லூர் வரைக்கும் அவர் பல பெயர்களில் இருக்கிறார். மேற்கே காளஹஸ்தி வழியாகத் திருப்பதி வரைக்கும் இருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை. அவருடைய திறமை என்று இங்கே எழுதுவது ஒவ்வொன்றும் பக்கத்தில் நின்று பார்த்தது. கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் செய்து விற்ற கார். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிச்செலோட்டி. முன்பக்கம் முழுவதும், இரண்டு மட்கார்டோடும் சேர்த்து, அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி வந்து நின்று வேலை பார்க்கலாம். நாலு சிலிண்டர், 948 சிசி. சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76. இதற்குப் பின் 1972இல் வந்த கெசலும் 1977உடன் நின்றது. ஆலையே பிறகு மூடப்பட்டது. அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு 2014 மே மாதம் வரையாவது உத்தரப்பாராவில் ஆலை ஓடியது. ஹெரால்டுக்காரர்களுக்கு அந்தப் பேறு இல்லை. நம் கையில் இருக்கும் பிளாக்கைக் கெடுத்துவிட்டால் இன்னொரு பிளாக்கை வார்த்துத் தர உலகத்தில் ஆள் கிடையாது.

அந்த பிளாக்கில் லைனர் இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மீதிக் கதை புரியும். லாரி எஞ்சினில் சிலிண்டருக்குள் தனிக் குழாயாக லைனர் உட்கார்ந்திருக்கும். தேய்ந்தால் பழையதை அடித்து வெளியே தள்ளிவிட்டுப் புதியதை இறக்கலாம். பிளாக் அப்படியே இருக்கும். ஹெரால்டிலும் பழைய பெட்ரோல் அம்பாசிடரிலும் பிளாக்கின் வார்ப்பு இரும்பிலேயே சிலிண்டர் குடைந்திருக்கிறது. தேய்ந்தால் அதையே கொஞ்சம் பெரிதாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். பட்டறைக் கணக்கில் இதற்கு அளவு 'தௌ', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. தலைமுடியின் கனமே ஏறக்குறைய மூன்று தௌ இருக்கும். இருபது, முப்பது, நாற்பது என்று ஒவ்வொரு போரிங்கிலும் கொஞ்சம் இரும்பு போய்விடும். போன இரும்பு திரும்பாது. ஒரு பிளாக்குக்கு ஆயுளில் இரண்டு மூன்று போரிங்தான் தாங்கும். அதன் பிறகு ஸ்லீவ் என்ற தனிக் குழாயை உள்ளே அடித்துத்தான் பிழைக்க வைக்க முடியும்.

இப்போது கைராசிக்காரரிடம் வரலாம்.

அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. லாரி வரட்டும், டிராக்டர் வரட்டும், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் வரட்டும், அறுபது வயது ஹெரால்டு வரட்டும், எல்லாருக்கும் ஒரே முகமலர்ச்சிதான். "வெச்சிட்டுப் போங்க சார், பண்ணிடலாம்" என்பார். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பழைய காரைக் கண்டதும் வாசலிலேயே கையை விரிப்பார்கள். அந்த அவமானத்தைப் பட்டு வந்தவனுக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பழைய கார் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். அவர் வண்டிக்கு வண்டி பேதம் பார்ப்பதும் இல்லை. லாரி பிஸ்டனுக்கு என்ன இடைவெளி விடுவாரோ அதையே ஹெரால்டு பிஸ்டனுக்கும் விடுவார். 63 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு ஒன்றிரண்டு தௌ இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய சமத்துவம் நாலைந்து தௌ தந்துவிடும். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் கிளப்பும்போது பிஸ்டன் சுவரில் மோதும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதையும் அவர் சிரித்த முகத்தோடே கேட்டுக்கொள்வார்.

அவருடைய விரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாக்கைப் புரட்டிப் போட்டு, சிலிண்டருக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்று சுற்றுவார். கண்ணை மூடிக்கொள்வார். "இருபது போதும்" என்று சொல்வார். இருபத்தைந்து வருஷ அனுபவம் அந்த விரலில் இருக்கிறது. அது பொய்யான அனுபவம் இல்லை. சிலிண்டர் வாயில் ரிங் தொடாத இடத்தில் நிற்கும் விளிம்பை அந்த விரல் உடனே கண்டுபிடிக்கும். ஆனால் சிலிண்டர் வட்டமாகத் தேய்வதில்லை. வெடிப்பின் விசை பிஸ்டனை ஒரு பக்கச் சுவரில் அழுத்துவதால் முட்டை வடிவமாகத் தேயும். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரத்தில், நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளக்க வேண்டும். சிலிண்டருக்கு ஆறு அளவு, நாலு சிலிண்டருக்கு இருபத்துநாலு. இதில் எந்த அளவு மோசமோ அதைப் பொறுத்துத்தான் இருபதா நாற்பதா என்று முடிவாகும். இந்த இருபத்துநாலு அளவையும் எடுக்கும் போர் கேஜ் அவரிடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது. நல்ல ஜப்பான் கேஜ். பீரோவில், மரப்பெட்டிக்குள், வாங்கிய நாளில் சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தோடு பூட்டி வைத்திருக்கிறார். ஔவை பார்த்திருந்தால் அதையும் ஒரு அடியில் சேர்த்திருப்பார்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். அவரிடம் வேலை தேங்குவதே இல்லை. பிளாக்கை இறக்கிவிட்டு நீங்கள் பிஸ்டன் தேடிச் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்துகொண்டிருக்கும்போதே இங்கே போரிங் முடிந்திருக்கும். உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறார். அதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது தௌ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த நாலு பிஸ்டனும் அச்சாக ஒரே அளவில் இருக்காது. பிஸ்டனை முதலில் கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் அதன் பாவாடைப் பகுதியில் மைக்ரோமீட்டரால் அளந்து, இந்த பிஸ்டன் இந்தச் சிலிண்டருக்கு என்று எண் போட்டு, அதற்குத் தகுந்தபடிதான் குடைய வேண்டும். கடைசி இரண்டு மூன்று தௌவைக் குடையாமல் விட்டு ஹோனிங் கல்லால் எடுக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலும் இதில் ஒரு கை பார்க்கும். உலகம் முழுவதும் நுண்ணளவுகளுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. சூளூர்பேட்டையில் மே மாதம் நிழலிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அலுமினியம் வார்ப்பு இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுவந்த பிஸ்டன், நிழலில் கிடக்கும் பிளாக்கைவிட 15 டிகிரி சூடாக இருந்தால் போதும். 63 மில்லிமீட்டரில் அது முக்கால் தௌவுக்கு மேல் பெருத்திருக்கும். விட வேண்டிய இடைவெளியே ஒன்றிரண்டு தௌ என்றால், சூட்டில் மட்டும் பாதி போய்விட்டது. பிஸ்டனையும் பிளாக்கையும் ஒரு ராத்திரி ஒரே அறையில் ஒன்றாக வைத்திருந்து காலையில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. கைராசிக்காரர் உங்களை ஒரு ராத்திரி காக்க வைக்க மனம் வராதவர்.

எங்கள் ஊரில் களங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிட்டுப் போகும் கோயில். அந்தச் சன்னதிக் கதவை அடைப்பதில்லை என்பது ஊர் வழக்கம். அம்மன் எந்நேரமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பார்கள். கைராசிக்காரரின் பட்டறைக்கும் கதவு இல்லை. நெடுஞ்சாலையைப் பார்த்துத் திறந்த கொட்டகை. எந்நேரமும் யாரும் வரலாம். லாரி கிளப்பும் மண்ணும் வரலாம், பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து உப்புக்காற்றும் வரலாம். ஹோனிங் முடிந்த சிலிண்டர் ஒரு ராத்திரி எண்ணெய் தடவாமல் இந்தக் காற்றில் கிடந்தால் காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். இரண்டு தேய்ப்புத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பழையபடி பளபளக்கிறது பாருங்கள் என்று காட்டுவார். பளபளக்கும்தான். ஹோனிங் கல் போட்ட குறுக்குக் கோடுகளில்தான் எண்ணெய் தங்க வேண்டும், அதைத்தான் அவர் இப்போது தேய்த்து எடுத்துவிட்டார்.

கல்லிலிருந்து உதிர்ந்த பொடியும் அந்தக் கோடுகளுக்குள்தான் புதைந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினால் அது போகாது. கொதிக்கும் சோப்புத் தண்ணீரும் முரட்டு பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், அதுவரை கழுவ வேண்டும். பிறகு அந்த நிமிஷமே எண்ணெய் தடவ வேண்டும். இந்த வேலைக்கு மெஷின் கூட வேண்டாம், ஒரு பையனும் ஒரு மணி நேரமும் போதும். புதிதாக எஞ்சின் கட்டிய வண்டி ஆறே மாதத்தில் திரும்பப் புகை தள்ளினால், பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரம்தான் காரணம். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் நடக்கும் பாவங்களில் இதுதான் பெரியது. இதற்குச் செலவே கிடையாது என்பதால் சொல்கிறேன்.

கிராங்க் வேலையில் அவர் இன்னும் ஒரு படி மேலே. பத்து தௌ கிரைண்டிங் செய்து, துணியில் சுற்றிக் கையில் தரும்போது அதில் முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்பைப் பார்த்து மயங்காத கார்க்காரரை நான் கண்டதில்லை. பேரிங் உட்காரும் உருளைப் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் மூலையை மட்டும் நகத்தால் தடவிப் பாருங்கள். ஆலையில் அந்த மூலையை வளைவாக விட்டிருப்பார்கள். கிராங்க் முறுகும் விசை எல்லாம் அந்த மூலையில்தான் வந்து சேரும். வளைவு இருந்தால் விசை பரவும். கிரைண்டிங் கல்லின் ஓரத்தை அந்த வளைவுக்கு ஏற்பச் சீவாமல் வைத்து வேலை பார்த்தால் மூலை நேர்க்கோணமாக வெட்டுப்பட்டுவிடும். விரிசல் அங்கேதான் பிறக்கும். கைராசிக்காரர் தரும் கிராங்கில் மூலைகள் எல்லாம் பெட்டி அடித்ததுபோல் கூர்மையாக, அழகாக இருக்கும். உடைவது ஓராயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு என்பதால் பழி அவர் பக்கம் வராது. "ஓட்டினது சரியில்ல சார்" என்று முடிந்துவிடும்.

பேரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தால் புதிது வாங்கச் சொல்லி உங்களைச் செலவழிக்க வைக்க மாட்டார். அவ்வளவு இளகிய மனம். மெயின் பேரிங் கேப்பை எமரித் தாளில் வைத்து நாலு இழுப்பு இழுப்பார். அல்லது பேரிங் முதுகில் மெல்லிய தகடாக ஒரு சிம் வைப்பார். இறுகிவிடும். அந்தக் கேப்புகளை பிளாக்கோடு சேர்த்துப் பூட்டி, ஒரே நேர்கோட்டில் ஆலையில் குடைந்திருக்கிறார்கள். ஒன்றாம் கேப் ஒன்றாம் இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும், அதுவும் ஒரே திசையில்தான். தேய்த்துவிட்டால் அந்த நேர்கோடும் வட்டமும் போய்விடும். கழற்றும்போது எண் போடாமல் ஒரே சட்டியில் போட்டுவிட்டால், பிறகு எது எங்கே என்பது கடவுளுக்கு வெளிச்சம். ஹெரால்டில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் பிறைவடிவத் தகடுகள் வேறு இருக்கின்றன. அவை தேய்ந்தால் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும். அதை டயல் கேஜ் வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

ஹெட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுகள் ஈயத்தை நம்பி வார்க்கப்பட்டவை. ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைந்துகொண்டே போகும். ஹெட்டு கழற்றிய கையோடு கெட்டியான சீட் வளையம் போட்டுவிட வேண்டும். இதை அவரிடம் சொன்னால், "அப்பா காலத்து ஐட்டத்த எதுக்கு சார் மாத்தணும்" என்பார். மூத்தோர் மரபில் அவ்வளவு பற்று.

பில் என்று ஒன்று தருவதில்லை. நம்பிக்கை உள்ள இடத்தில் காகிதம் எதற்கு? டீ வாங்கித் தருவார். கூலியில் நூறு இருநூறு குறைத்துக்கொள்வார். "ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆவாது. ஏதாச்சும் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார். எடுத்துக்கொண்டு போனால் அதே அன்போடு இன்னொரு முறையும் பண்ணித் தருவார், இந்த முறை நாற்பது தௌவில். இந்த மனிதரை வெறுக்க முடியாது. நானும் வெறுக்கவில்லை.

அவரை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, அவரை உண்டாக்கியவர்களை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. பழைய கார்க்காரர்களாகிய நம்முடைய ரசனையை என்னவென்று சொல்வது! சென்னையில் பழங்கார் அணிவகுப்பு நடக்கும்போது போய்ப் பாருங்கள். கண்ணாடியாக மின்னும் பெயின்ட், ஆலையில் வந்ததைவிடத் தடிமனான குரோமியம், தோல் இருக்கை, டிக்கியில் அந்தக் காலத்துப் பிரம்புக் கூடை. பெயின்டுக்கு மட்டும் லட்சங்களில் செலவழித்திருப்போம். ஒரு நகாசும் விட்டுப்போகாது. பாதி வண்டிகள் மைதானத்துக்கு லாரி மேல் வந்து இறங்கியிருக்கும். பரிசு வாங்கிக்கொண்டு லாரி மேலேயே திரும்பும். மழை படாது, வெயில் படாது, உறை போட்டுக் காவலோடு காக்கிறோம். தொண்டைமான் கூட இவ்வளவு பத்திரமாக வேல்களை வைத்திருந்திருப்பானா தெரியாது. போனட்டுக்குள் இருப்பதற்கு மட்டும், "எங்க சீப்பா முடியும்?", "எத்தனை நாள்ல குடுப்பாரு?" என்று இரண்டே கேள்வி கேட்போம். அளந்தாயா என்று கேட்டவர் மிகக் குறைவு. அளப்பதற்குத் தனிக்கூலி கேட்டால், சும்மா பார்த்ததற்குக் காசா என்று எழுந்துபோனவர் நிறைய. விரலை நம்பியது அவர் குற்றம் என்றால், அந்த விரலைப் பாராட்டி டீ குடித்துவிட்டு வந்தது நம்முடைய பெருந்தன்மை.

அதியமான் பக்கத்துக் கொல்லரும் இருக்கிறார். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் விஜயவாடா ஆட்டோ நகரிலும் தேடினால் கிடைப்பார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முகம் கொடுத்துப் பேச மாட்டார். போனதும், "பிஸ்டன் எங்க?" என்று கேட்பார். இல்லை என்றால், வாங்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார். இன்றைக்கே முடியுமா என்று கேட்டால் முறைப்பார். பிளாக்கை முதலில் கழுவவே ஒரு நாள் எடுத்துக்கொள்வார். சாக்பீஸால் பிளாக் முழுக்க எண்ணாக எழுதி அசிங்கப்படுத்துவார். கிராங்கில் விரிசல் இருக்கிறதா என்று காந்தமும் இரும்புப் பொடியும் வைத்துச் சோதிப்பார், இருந்தால் கூலியே வேண்டாம் என்று கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இதுக்கு மேல போர் பண்ணா சுவர் தாங்காது, ஸ்லீவ்தான்" என்று செலவை இரண்டு மடங்காக்குவார். தனக்குத் தெரியாத எஞ்சின் வந்தால், "எனக்குத் தெரியாது, புக்கு இருந்தா கொண்டாங்க" என்று வெட்கமில்லாமல் சொல்வார். அவருடைய மைக்ரோமீட்டர் பிடி தேய்ந்து எழுத்து அழிந்து கிடக்கும். பட்டறை இருட்டாக, சின்னதாக, ஜன்னல் சாத்தி இருக்கும். கடைசியில் ஒரு தாளைத் தருவார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன் அளவு, பின் அளவு, பிஸ்டன் அளவு, விட்ட இடைவெளி, கிராங்கின் ஒவ்வொரு உருளைக்கும் அளவு, கீழே தேதியும் கையெழுத்தும். நாளைக்கு எஞ்சின் கெட்டால் அந்தத் தாள் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். அது தெரிந்தேதான் எழுதுகிறார்.

திறமை இல்லாத மண் இல்லை இது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தொடங்கியது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பட்டறையை ஒரு பள்ளிக்கூடமாகவே நடத்தினார். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 கிளம்பிக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் திரவம் கசிந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பறந்த நேரம் முழுவதும் ஒவ்வொரு அளவும் பதிவாகியிருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்கு யாராவது, "ஒண்ணும் ஆவாது சார்" என்று எழுதாமல் விட்டிருந்தால், கடலில் விழுந்ததற்கான காரணமும் கடலிலேயே கிடந்திருக்கும்.

புதிய கார்களுக்கு போரிங் வேலை அரிதாகிவிட்டது. கிராங்க் கிரைண்டிங் மெஷின்களை எடைக்குப் போடுகிறார்கள். அளந்து எழுதும் மேஸ்திரிகளுக்கு வயதாகிறது, பக்கத்தில் நிற்கப் பையன்கள் இல்லை. அவர்கள் போய்விட்டால் நம் ஹெரால்டும் அம்பாசிடரும் பத்மினியும் உறை போட்ட வேல்களாகத்தான் நிற்கும்.

பிளாக்கை இறக்கும் முன்பே கேளுங்கள்: அளவெல்லாம் தாளில் எழுதித் தருவீர்களா? தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் சொல்லும் நாளைக் குறைக்கச் சொல்லாதீர்கள், கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். அளப்பதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்டால் அதை முதலில் கொடுங்கள்.